எண் விமானத்துக்கா, ஓட்டுகிறவருக்கா? ஆறு வருட ஆட்டத்துக்குப் பிறகு

இணையத்தில் ஆடும் விமானச் சண்டை விளையாட்டு ஒன்றை ஆறு வருடமாக ஆடி வருகிறேன். முதல் நான்கு வருடம் பெரும்பாலும் ஜப்பானின் ஜீரோ, கடைசி இரண்டு வருடம் அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட். இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானங்கள். பக்கம் மாற வைத்தது ஒரே ஒரு அப்டேட். அதைச் சுற்றித்தான் இந்தப் பதிவு. கிராஃபிக்ஸ், ஒலி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, அவற்றைப் புகழ ஏற்கெனவே நிறையப் பேர் உண்டு.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தர எண் இருக்கிறது. யாரை யாரோடு மோத விடுவது என்று சர்வர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஒரு விமானம் நிறைய வென்றால் அதன் எண் ஏறும், இன்னும் வலுவான எதிரிகள் வருவார்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் எண் இறங்கும். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜீரோ பழகச் சுலபமான விமானம். ஏ6எம்2 ரகத்தின் சகாயே எஞ்சினுக்கு ஆயிரம் குதிரைத்திறன்கூடக் கிடையாது. ஆனால் வெற்று எடை சுமார் 1,700 கிலோதான், இறக்கையோ விசாலமானது. பறக்கும்போதுள்ள எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 110 கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்தச் சுமை குறையக் குறைய விமானம் சட்டெனத் திரும்பும், அதனால் சுற்றித் திரும்புவதில் ஜீரோவோடு மல்லுக்கு நிற்க முடியாது. புதிதாக ஆட வந்தவர், பின்னால் எதிரி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வார்? பதறிப்போய் ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் பிடியை, இழுத்துத் திரும்புவார். ஜீரோவில் அந்தப் பதற்றமே சரியான விடை.

தண்டர்போல்ட்டில் அதே காரியம் தற்கொலை. வெற்று எடையே நாலரை டன். சதுர மீட்டருக்கு விழும் சுமை ஜீரோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆர்-2800 எஞ்சின் 2,000 குதிரைத்திறன் தரும், கூடவே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் ஒரு டர்போ இருப்பதால் காற்று மெலிந்துபோன 8,000 மீட்டரிலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாது. இறக்கைகளில் எட்டு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகள். உயரத்தில் இது ராஜா. தரையை ஒட்டிப் பறந்தாலோ சேற்றில் இறங்கிய எருமை. அந்த உயரத்துக்குப் போக, மேட்ச் தொடங்கியதும் எட்டுப் பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? கீழேயே போவார், திரும்பிச் சண்டை போடுவார், விழுவார். அடுத்த மேட்ச்சிலும் அதேதான்.

அந்த விழுந்த கணக்கெல்லாம் சேர்ந்து ஒரு அப்டேட்டில் தண்டர்போல்ட்டின் தர எண்ணை இறக்கியது. அதோடு எங்கள் ஜீரோக்களின் மேட்ச்சுக்குள் அது வந்து சேர்ந்தது. முதல் இரண்டு நாள் கொண்டாட்டம்தான், குண்டு குண்டாகக் கீழே வந்து மாட்டினார்கள். அப்புறம் பழைய ஆட்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். ஓரமாக ஒதுங்கிப் போய் ஏறுவார்கள், மேலிருந்து பாய்ந்து ஒரே ஒரு முறை சுடுவார்கள், அந்த வேகத்திலேயே மறுபடி மேலே போய்விடுவார்கள். துரத்தினால் நம் வேகம் தீர்ந்து நடுவானில் தொங்குவோம். யார் சுட்டார் என்றுகூடத் தெரியாமல் ஒரே ராத்திரியில் ஏழு மேட்ச் செத்தேன்.

சரி, இப்போது தண்டர்போல்ட் நிறைய வெல்கிறதே, எண் மறுபடி ஏறிவிடும் என்று காத்திருந்தேன். ஏறவே இல்லை. யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. எட்டுப் பேர் தரைக்குப் பக்கத்தில் போய் விழுகிறார்கள், இரண்டு பேர் மேலிருந்து அறுவடை செய்கிறார்கள். பத்துப் பேரையும் கூட்டி வகுத்தால் சாதுவான ஒரு விமானம்தான் கணக்கில் தெரியும். அப்படி ஒரு விமானத்தை வானத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சதுரங்கத்தில் ஆர்ப்பாட் எலோ வகுத்த எண் முறை இருக்கிறது. அந்த எண் ஆட்டக்காரருக்கு. இரண்டு பக்கமும் ஒரே காய்கள் என்பதால் அங்கே வேறு குழப்பமில்லை. இங்கே குதிரைக்கு மதிப்பெண் போடுகிறார்கள், அந்தக் குதிரை யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. எதிர்த்திசையிலும் இதே கோளாறு நடக்கும். சிக்கலான, அழகில்லாத விமானம் ஒன்றைப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மட்டும் ஓட்டுவார்கள், நன்றாக வெல்வார்கள், எண் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் புதியவர் யாரும் அதைத் தொடவே முடியாது.

உயரத்தையும் ஒரே எண்ணுக்குள் அடைக்க முடியாது. சோவியத்தின் மிக்-3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் சண்டை போடுவதற்கென்றே வடிவமைத்தது. 1941-ல் கிழக்குப் போர்முனையில் சண்டை நடந்ததோ பெரும்பாலும் தாழ்வான உயரத்தில். நல்ல விமானம், ஆனால் தப்பான மாடியில் நின்றது. அதே விமானத்துக்கு 1,000 மீட்டரில் ஒரு எண்ணும் 7,000 மீட்டரில் இன்னொரு எண்ணும்தான் பொருந்தும்.

என் தரப்பிலும் ஒரு தப்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் ஜீரோவை நெர்ஃப் செய்தார்கள், அதாவது ஆட்டத்தில் அதன் பலத்தைக் குறைத்தார்கள். வேகம் கூடினால் பக்கவாட்டில் உருளவே விடாமல் ஸ்டிக் கல்லாக இறுகியது. வேண்டுமென்றே முடமாக்கிவிட்டார்கள் என்று கண்டபடி திட்டினேன். அப்புறம்தான் அகுட்டான் தீவு ஜீரோவைப் பற்றிப் படித்தேன். 1942 ஜூனில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் ஒரு ஜீரோ சதுப்பில் இறங்கிக் கவிழ்ந்தது. அமெரிக்கர்கள் அதை மீட்டுச் செப்பனிட்டு, அதே வருடம் செப்டம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். வேகத்தில் உருட்ட முடியாமல் இறுகுகிறது, மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் திணறுகிறது என்று அப்போதே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆட்டத்தில் நான் இழந்தது, நிஜ ஜீரோவுக்கு எப்போதுமே இல்லாத ஒன்று.

நிஜம் போலவே வைத்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று வாதிடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஜெர்மனியின் மீ-262 ஜெட்டைப் பாருங்கள். 1944-ல் மணிக்கு 870 கிலோமீட்டர் வேகம். நிஜத்தில் அதன் எஞ்சின்கள் 25 மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம், எரிபொருளுக்கும் பஞ்சம். ஆட்டத்திலோ ஒவ்வொரு மேட்ச்சுக்கும் புத்தம்புது எஞ்சின், வேண்டிய மட்டும் எரிபொருள். பலத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வறுமையை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

சமநிலைக்காக, ஆட்டத்தில் விமானத்துக்குக் கட்டும் பழுதுச் செலவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள், அது வெறும் எரிச்சல்.

இத்தனை வருடத்தில் உருப்படியாக வேலை செய்தது விமானத்தைத் தொடாத ஒரு மாற்றம்தான். சில மேப்களில் தாழப் பறக்கும் சரக்கு விமானங்களை இலக்காக வைத்தார்கள். அவற்றைக் காப்பாற்றாவிட்டால் மேட்ச் தோல்வி. மேலேயே உட்கார்ந்து நேரம் கடத்திய தண்டர்போல்ட்டுகள் இறங்கி வந்தே ஆக வேண்டியிருந்தது. இறங்கினால் ஜீரோவுக்கு வேலை கிடைத்தது. இரண்டு பேருக்கும் பயம், இரண்டு பேருக்கும் வாய்ப்பு. இன்னொரு நிகழ்வில் எல்லாரையும் 5,000 மீட்டரிலேயே தொடங்க வைத்தார்கள். ஏறும் சலிப்பு போனதும் புதியவர்கள்கூட தண்டர்போல்ட்டை ஒழுங்காக ஓட்டினார்கள். ஏனோ அந்த நிகழ்வு ஒரு வாரத்தோடு முடிந்துவிட்டது, திரும்ப வரவில்லை.

புதிதாக ஆட வருகிறவர்கள் ஜீரோவில் தொடங்குங்கள், ஆனால் நான்கு வருடம் அதிலேயே கிடக்காதீர்கள். எதிரியின் விமானத்தில் ஐம்பது மேட்ச் ஆடினால்தான் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது தெரியும். பி-47-ல் ஏறும்போது எதிர்ப்பக்கம் ஏறாமல் பக்கவாட்டில் போங்கள். தவறவிட்ட எதிரியைத் திரும்பிப் பார்க்காதீர்கள், நேராகப் போய்க்கொண்டே இருங்கள்.

நேற்று ராத்திரி 6,000 மீட்டரிலிருந்து ஒரு ஜீரோவின் மேல் பாய்ந்தேன். கடைசி நொடியில் அவர் விலகிவிட்டார். கண்ணுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அந்தப் பச்சை இறக்கை. ஸ்டிக்கை இழுத்தேன். நான்கு வருடம் ஜீரோ ஓட்டியவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதா? தெரிந்தேதான் இழுத்தேன்.