மாட்டினால் ஏன் மாட்டினோம்? கேயாஸ் தியரியும் ஃபேண்டம் பெய்னும்

போன மாதம் மடிக்கணினியில் இடம் தீர்ந்துவிட்டது. வைத்திருந்த இரண்டு உளவு கேம்களில் ஒன்றை நீக்கியாக வேண்டும். ஒன்று, 2005-இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட 'ஸ்ப்ளிண்டர் செல்: கேயாஸ் தியரி'. மற்றது, 2015-இல் கொனாமி வெளியிட்ட 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேண்டம் பெய்ன்'. இடத்தை மட்டும் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். ஃபேண்டம் பெய்ன் 28 ஜிபி கேட்கிறது. கேயாஸ் தியரி ஏதாவது ஒரு மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். இருந்தும் ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, பெரியதைத்தான் நீக்கினேன். காரணம் ஜிபி இல்லை.

படத் தரம், பரப்பு, ஓட்டம் எல்லாவற்றிலும் ஃபேண்டம் பெய்ன்தான் மேல். பத்து வருட இடைவெளி சும்மா போகாது. 1984-இல் சோவியத் படை இருக்கும் ஆப்கானிஸ்தான், அப்புறம் அங்கோலா–ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எல்லைப்புறம். குதிரையில் ஏறி எந்தத் திசையிலிருந்தும் முகாமுக்குள் நுழையலாம். கேயாஸ் தியரி ஒரு இரவுக்கு ஒரு கட்டடம் என்று போகிறது: பெருவில் கலங்கரை விளக்கம், பிறகு சரக்குக் கப்பல், பனாமாவில் வங்கி, டோக்கியோவில் குளியல் விடுதி. கதை என்று பார்த்தால் இரண்டிலுமே நான் பாதியில் கவனத்தை விட்டவன். கேயாஸ் தியரியில் கொரியா, ஜப்பான், சீனா மூன்றையும் முட்டவிடும் சதி. ஃபேண்டம் பெய்னின் கதை முடிந்ததா இல்லையா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கேயாஸ் தியரியின் நாயகன் சாம் ஃபிஷருக்கு மைக்கேல் அயர்ன்சைட் கொடுத்த கரகரப்பான குரலும் ஏமன் டோபினின் இசையும் மட்டும் என் தனிப்பட்ட பலவீனம். அதற்கு மதிப்பெண் போடவில்லை.

எனக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான். காவலாளியின் கண்ணில் பட்டுவிட்டோம் என்றால், ஏன் பட்டோம் என்று கேம் சொல்கிறதா?

கேயாஸ் தியரியில் திரையின் ஓரத்தில் இரண்டு அளவுக் கோடுகள். ஒன்று, நம் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று காட்டும். அதன் கீழே உள்ளது நாம் எழுப்பும் சத்தம். இரண்டாவதில்தான் சூட்சுமம். அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் இரைச்சல் எவ்வளவு என்றும் அதே கோட்டில் ஒரு குறி இருக்கும். நம் சத்தம் அந்தக் குறியைத் தாண்டாதவரை யார் காதிலும் விழாது. கப்பலின் இயந்திர அறையில் குறி மேலே நிற்கும், ஓடிக்கூடப் போகலாம். கதவைத் திறந்து அமைதியான நடைவழிக்கு வந்ததும் குறி சடாரென்று கீழே இறங்கும். வந்த வேகத்திலேயே ஓரடி வைத்தால் போச்சு, ஆள் திரும்பிவிடுவான்.

கணினியில் ஆடுபவர்களுக்கு நடை வேகம் மவுஸ் சக்கரத்தில் இருக்கிறது. ஒரு சொடுக்கு மேலே உருட்டினால் கொஞ்சம் வேகம், கீழே உருட்டினால் நத்தை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் விரல் எங்கே தவறியது என்று எனக்குத் தெரிகிறது. இரண்டு சொடுக்கு அதிகம். அல்லது விளக்கின் ஓரத்தில் தோள் நனைந்துவிட்டது. "இவன் எப்படிப் பார்த்தான்?" என்று திரையைத் திட்டிய நினைவே இல்லை, திட்டியதெல்லாம் என்னைத்தான்.

வெளிச்சத்தை மாற்றும் வழியும் நம் கையில். பல்பைச் சுட்டு உடைக்கலாம். ஆனால் உடைகிற சத்தம் கேட்கும். விளக்கு போனதைக் கவனிக்கிறவன் டார்ச்சோடு வருவான். துப்பாக்கியில் பொருத்திய கருவியால் சில நொடிகள் மட்டும் அணைக்கலாம். காவலாளி முணுமுணுத்துவிட்டு நகர்வான், அதற்குள் நாம் கடந்துவிட வேண்டும். கூடாரம் என்றால் கத்தியால் துணியைக் கிழித்துப் பின்பக்கமாக நுழையலாம். எதைச் செய்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை முன்கூட்டியே தெரியும்.

மாட்டிய பிறகும் நிலைமை மோசமில்லை. முந்தைய ஸ்ப்ளிண்டர் செல் கேம்களில் அலாரம் மூன்று முறை அடித்தால் மிஷன் முடிந்தது. இதில் அந்த விதியையே கிண்டல் செய்துவிட்டு எடுத்துவிட்டார்கள். அலாரம் அடிக்க அடிக்கக் காவலாளிகள் கவசமும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு உஷாராவார்கள், ஆனால் ஆட்டம் தொடரும். கடைசியில் சதவீதக் கணக்கு வரும்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை உடல்களைக் கண்டுபிடித்தார்கள், எத்தனை அலாரம். பரீட்சை விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல.

ஃபேண்டம் பெய்னில் இந்த விடைத்தாள் மங்கல். யாரோ நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் அந்தத் திசையில் வெள்ளையாக ஒரு வளைவு எழும்பும். அவ்வளவுதான். அவன் பார்த்தது நான் நிமிர்ந்ததாலா, சீருடையின் நிறம் பாறையோடு ஒட்டாததாலா, வெயிலாலா? ஊகிக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் 2004-இல் இதே மெட்டல் கியர் வரிசையில் வந்த 'ஸ்நேக் ஈட்டர்', சூழலோடு எவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறோம் என்பதைச் சதவீதமாகவே திரையில் காட்டியது. இங்கே அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்குக் கொடுத்தது மன்னிப்பு. கண்ணில் பட்டதும் காலம் மெதுவாகும். அந்த இடைவெளியில் மயக்க ஊசித் துப்பாக்கியால் தலையில் ஒன்று வைத்தால் எதுவுமே நடக்காததுபோல் தொடரலாம். அமைப்பில் போய் இதை நிறுத்தி வைக்கலாம், வைத்தும் ஆடினேன். அப்போது ஊகம் இன்னும் கூடியதே தவிர, பிழை எதுவென்று புலப்படவில்லை.

நியாயமாகச் சொன்னால், ஊகத்திலும் ஒரு சுகம் இருக்கிறது. பெரிய முகாம், மலை மேலிருந்து பைனாகுலரில் ஒவ்வொரு ஆளாகக் குறித்து வைப்பது, பாதி வழியில் மணற்புயல் கிளம்பி அத்தனை திட்டமும் வேறாகிப்போவது எல்லாம் கேயாஸ் தியரியில் கிடைக்காது. எதிரிகளும் கற்றுக்கொள்கிறார்கள்: தொடர்ந்து தலையில் சுட்டால் தலைக்கவசம் போடுகிறார்கள், இரவிலேயே தாக்கினால் இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டுகிறார்கள். ஒரு ஆட்டைப் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பலாம். குதிரையைச் சாணம் போட வைத்து ஜீப்பைச் சறுக்கவிடலாம். இதை யோசித்து நிரல் எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்தப் பலூனுக்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கிறது. ஆட்டைப்போலவே பலூனில் கட்டி அனுப்பிய எதிரிகளெல்லாம் சீஷெல்ஸ் கடலில் இருக்கும் நம் தளத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். அவர்களைப் பிரிவுகளில் அமர்த்த வேண்டும், பணம் பார்க்க வேண்டும், ஆயுத ஆராய்ச்சி முடியக் காத்திருக்க வேண்டும். ராத்திரி பத்தரைக்குப் பையன் தூங்கிய பிறகு எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் முக்கால் மணி ஹெலிகாப்டரில் உட்கார்ந்து ஆள் மேய்ப்பதில் போனால் எப்படி? பகலெல்லாம் அலுவலகத்தில் செய்வதும் அதுதானே.

கேயாஸ் தியரிக்கும் குறை உண்டு. கணினியில் நினைத்த இடத்தில் சேமிக்கலாம் என்பது பெரிய சபலம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு முறை சேமித்தால் பதற்றம் செத்துவிடும். நான் ஒரு மிஷனுக்கு மூன்று முறை என்று எனக்கு நானே வரம்பு போட்டிருக்கிறேன் (நாலாவது நடந்ததுண்டு). ஃபேண்டம் பெய்ன் தானாகச் சேமிக்கும் இடங்களோடு நிறுத்திக்கொள்வது இதில் நல்லது. இன்றைய அகலத் திரையில் கேயாஸ் தியரி சரியாக உட்காரவும் கொஞ்சம் கோப்பு வேலை வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது.

பலர் சேர்ந்து ஆடுவதைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம். கேயாஸ் தியரியின் இருவர் ஆட்டத்தை அத்தை மகனோடு ஒரே ஒரு இரவு ஆடினேன். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறிச் சுவர் தாண்டுவது பிரமாதம், மேலே சொல்ல அனுபவம் போதாது. ஃபேண்டம் பெய்னில் அடுத்தவர் தளத்துக்குள் இணையம் வழியே புகுவதை நான் தொட்டதே இல்லை. குழுவாக ஆடுபவர்களின் முடிவு தலைகீழாகவும் இருக்கலாம்.

நீக்கிய அன்று இரவே வங்கி மிஷனை மறுபடி தொடங்கினேன். ஹெட்போன், விளக்கெல்லாம் அணைத்த அறை, திரை முழுக்கக் கறுப்பு. தண்ணீர் குடிக்க வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, ஸ்கிரீன் போயிடுச்சா?" என்றாள். பதில் சொல்லத் திரும்பியதில் சக்கரம் ஒரு சொடுக்கு உருண்டுவிட்டது. கடைசிக் கணக்கில் 100 சதவீதத்துக்குப் போக வேண்டியது 97-இல் நிற்கிறது.