வெட்டிய குதிரையா, கற்பனை ராசியா: எந்தக் குன்றில் ஏறலாம்?

தென் இங்கிலாந்தின் பழைய மண்கோட்டைகளைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் அஃபிங்டனா, சாமர்செட்டின் கேட்பரியா என்ற கேள்வி வரும். இரண்டும் இரும்புக் காலக் கோட்டைகள். நிலத்தில் படுத்திருக்கும் பெரிய உருவங்களின் கதை இரண்டு பக்கமும் உண்டு: அஃபிங்டனில் சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரை, கேட்பரி பக்கம் ஒருவர் கண்டதாகச் சொன்ன ராசிச் சக்கரம்.

கோட்டையை மட்டும் வைத்துப் பார்த்தால் கேட்பரிதான். மரங்களுக்கு நடுவே ஏறும்போதே அடுக்கடுக்காக நான்கு மண்கரைகள் எதிர்ப்படும். பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசனின் கோட்டையான கேமலாட் இதுதான் என்று 1542-லேயே பழம்பொருள் ஆய்வாளர் ஜான் லேலண்ட் எழுதிவைத்தார். 1966 முதல் 1970 வரை தொல்லியலாளர் லெஸ்லி ஆல்காக் இங்கே தோண்டினார். ஆர்தர் கிடைக்கவில்லை. ஆனால் ரோமானியர் போனபின் யாரோ இந்தக் குன்றை மறுபடி அரண் கட்டிக் காத்ததும், பெரிய மர மண்டபம் எழுப்பியதும், மத்தியதரைக் கடல் பக்கத்து ஜாடிகளை வரவழைத்ததும் தெரிந்தது. எனக்கு அது ஆர்தரைவிடப் பெரிய செய்தி. அஃபிங்டன் கோட்டையோ ஒரு கரை, ஓர் அகழி, உள்ளே புல்வெளி, அவ்வளவுதான்.

உருவம் என்று வந்தால் கணக்கு தலைகீழ். கேட்பரி உச்சியிலிருந்து தூரத்தில் கிளாஸ்டன்பரி டோர் குன்று தெரியும். அதைச் சுற்றி ஏறக்குறைய 16 கிலோமீட்டர் அகலத்துக்கு ராசிச் சக்கரமே வரையப்பட்டிருப்பதாக 1920-களில் சிற்பி கேத்தரின் மால்ட்வுட் கண்டார். ஓடை, சாலை, மேடு எல்லாம் அவருக்குக் கோடுகள். பிறகு ஆராய்ந்தவர்கள் பழைய வரைபடங்களை விரித்துப் பார்த்தார்கள். மகரத்தின் கண் ஒரு வைக்கோற்போர். கும்பத்துக்கு அவர் கண்ட பீனிக்ஸ் பறவையின் ஒரு சிறகு 1782-இல் போட்ட சாலை. கடகம் பதினெட்டாம் நூற்றாண்டு வடிகால்கள். ஆனாலும் அவர் படத்தோடு நடந்தால் ஒவ்வொரு வாய்க்கால் வளைவையும் நின்று பார்ப்போம். அந்தப் பழக்கத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அஃபிங்டன் வெள்ளைக் குதிரை கற்பனையில்லை. 110 மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, இடித்த சுண்ணக்கல்லை நிரப்பியது. மண் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று அளந்ததில் கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. கிட்டே நின்றால் குதிரையே தெரியாது. வளைந்து போகும் வெள்ளைப் பட்டையும் வட்டக் கண்ணும்தான். கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் புல் மூடிவிடும். இன்றும் தன்னார்வலர்கள் சரிவில் மண்டியிட்டு, சுத்தியலால் சுண்ணக்கல்லைத் தட்டித் தட்டி இறுக்குகிறார்கள். மூவாயிரம் வருடமாகத் தலைமுறை தலைமுறையாக யாரோ இதைச் செய்திருக்காவிட்டால் இன்று குதிரை இல்லை.

ஆகவே ஒரு நாள் என்றால் நான் அஃபிங்டன் பக்கம். முதலில் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் போய், முழுக்குதிரையையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் கேட்பரிக்கு. மால்ட்வுட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு.