மெம்ஃபிஸ் லொரேன் மோட்டல்: அரை நாளாவது ஒதுக்கிவிட்டுப் போங்கள்

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போகிறேன் என்றாலே எல்லாரும் பாடகர் எல்விஸ் வீட்டைப் பார்க்கத்தான் சொல்வார்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு லொரேன் மோட்டலுக்குப் போனோம், 1968 ஏப்ரல் 4 மாலை கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே விடுதி. 1991-இல் இருந்து இது குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகம். முகப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள்: பழைய பெயர்ப்பலகை, கீழே அந்தக் காலத்து இரண்டு கார்கள், மேலே 306-ஆம் அறை வாசலில் பால்கனிக் கம்பியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மலர்வளையம்.

உள்ளே அடிமை வணிகத்தில் தொடங்குகிறது. அங்கேயே நின்று எல்லாப் பலகையையும் படித்தால் கடைசிப் பகுதிக்கு நேரம் இருக்காது, எங்களுக்கு அதுதான் நடந்தது.

கறுப்பினத்தவர் பின்னால்தான் உட்கார வேண்டும் என்றிருந்த மான்ட்கோமரி நகரத்துப் பஸ் ஒன்று நிற்கிறது, ஏறி உட்காரலாம். உட்கார்ந்தால் பின்னால் போகச் சொல்லி ஓட்டுநரின் குரல் அதட்டும். என் பையன் சட்டென்று எழுந்துவிட்டான், அப்புறம் அசடு வழிந்துகொண்டே மறுபடி உட்கார்ந்தான். அந்த ஊர் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் ஏதோ வயதான அம்மா, கால் வலியில் எழுந்திருக்கவில்லை என்றுதான் நானே வெகுநாள் நினைத்திருந்தேன். 1955-இல் அவருக்கு வயது 42, 1943-லிருந்தே கறுப்பின உரிமைக்கான NAACP அமைப்பின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர். அவர் கைதான பிறகு அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸே ஏறவில்லை, வேலைக்கு நடந்தே போனார்கள், கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள், பஸ்ஸில் இனப்பாகுபாடு செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்த பிறகுதான் திரும்ப ஏறினார்கள்.

வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவக இருக்கையில் உட்கார்ந்து 1960-இல் கிரீன்ஸ்பரோ நகரத்துக் கறுப்பின மாணவர்கள் நடத்திய போராட்டமும் உண்டு, நன்றாகவே இருக்கிறது.

ஆனால் என்னை நிறுத்தியது ஒரு குப்பை வண்டி. 'எனக்கொரு கனவு உண்டு' என்ற கிங்கின் பேச்சு எல்லாருக்கும் தெரியும், அவர் இந்த ஊருக்கு எதற்கு வந்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 1968 பிப்ரவரி 1 அன்று நல்ல மழை, ஒதுங்க வேறு இடமில்லாமல் துப்புரவுத் தொழிலாளர்கள் இரண்டு பேர், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பை வண்டியின் பின்பக்கமே ஏறி நின்றார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் தானாக ஓடி இரண்டு பேரையும் நசுக்கிவிட்டது. பிப்ரவரி 12-இல் ஏறக்குறைய 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் பிடித்த அட்டையில் 'நான் ஒரு மனிதன்', அவ்வளவுதான் எழுதியிருந்தது, சம்பளம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர்களுக்காகத்தான் கிங் வந்தார். அவர் செத்து 12 நாள் கழித்துத்தான் மாநகராட்சி அவர்களுடைய தொழிற்சங்கத்தை ஏற்று, சம்பளத்தையும் உயர்த்தியது.

கிங் தங்கியிருந்த 306-ஆம் அறையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். படுக்கை கலைந்தபடியே கிடக்கிறது.

தெருவுக்கு எதிரே, குண்டு வந்த கட்டடத்தையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள், சுட்டவன் நின்ற குளியலறை உட்பட. அவனுக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று இருந்தது எனக்கு. நேரம் குறைவு என்றால் அதை விட்டுவிடுங்கள், குப்பை வண்டிப் பக்கம் இன்னொரு தடவை போய் நில்லுங்கள்.