சுங்கை சிப்புட்டில் ஒரு மாடித் திரையரங்கு: ஐந்து வெள்ளிக்குப் படமும் பேச்சும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவில் நடைபெறும் திரையிடலுக்குத் தொடர்ந்து மூன்று மாதங்களாகச் சென்று வருகிறேன். நுழைவுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). அதிலேயே ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே எனும் கடலைத் தீனியும் தேநீரும் அடக்கம். மலேசியப் படங்களை மட்டுமே திரையிடுவதும், படம் முடிந்தபின் அரை மணி நேரம் பார்வையாளர்களைப் பேசவைப்பதும் அங்குள்ள வழக்கம்.

முதலில் பார்த்தது, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்'. தோட்டங்களிலிருந்து வெளியேற நேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புறம்போக்குக் குடியிருப்புகளில் பட்ட பாட்டைச் சொல்லும் படம் அது. கெட்ட என்னும் பொருளுடைய 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் திரிந்து 'ஜகாட்' ஆனதை ஏற்பாட்டாளர் விளக்கியபோது, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். படத்தில் தந்தை மகனை அடிக்கத் தொடங்கியதும் அந்த முகம் மாறிவிட்டது. பிறகு பேச எழுந்தவர், தம் தந்தையும் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டு இடுப்பு வாரைத்தான் முதலில் தேடுவார் என்றார். அதைக் கேட்ட பால்மரத் (ரப்பர்) தொழிலாளியான பெரியவர் ஒருவர், "இது நம்ம லயத்துக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தேன்" என்று, தோட்டத்து வரிசை வீடுகளை எண்ணி, மெதுவாகச் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். மொழி அடிப்படையில் விருதுகளைப் பிரித்ததற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் இப்படமே சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றதையும் அன்று நினைவூட்டினார்கள்.

அடுத்த மாதம் யாஸ்மின் அகமதுவின் 'செப்பேட்'. இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஈப்போதான் அதன் களம் என்பதால், திருட்டு விசிடி விற்கும் சீன இளைஞனும் மலாய்ப் பெண்ணும் நடக்கும் தெருக்களை இங்குள்ளவர்கள் பெயர் சொல்லிக் கூவினார்கள். நாயகனின் தாய் மலாய் பேசும் பெரானாக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வம்சாவளி) பெண்மணி என்பதைப் பற்றியே பாதிப் பேச்சு நடந்தது.

மூன்றாவது மாதம் ஏமாற்றம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தாரும் கைகோத்துப் பாடி முடிக்கும் ஒற்றுமைப் படம் ஒன்றைப் போட்டார்கள்; விளக்கு எரிந்ததும் எல்லாரும் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டின் சண்டையையும் சமையலறையையும் காட்டாமல் கைகுலுக்கலை மட்டும் காட்டும் படத்தில், பிறரைப் பற்றிப் பேச என்ன மிஞ்சும்?

வசதிகளைப் பொறுத்தவரை குறைகள் பல. தளம் சமமாக இருப்பதால் முன்னால் இருப்பவரின் தலை அடிவரி எழுத்துகளை மறைக்கிறது. தமிழ் அறியாதவர்கள் அந்த வரிகளை நம்பியே வருகிறார்கள் என்பதால் இது சிறு குறையன்று. அந்த எழுத்துகளிலும் வசவுச் சொற்கள் எல்லாம் 'சீ' என்ற அளவுக்கு மழுங்கிவிடுகின்றன. மின்விசிறியின் சத்தமோ வசனத்தை விழுங்குகிறது. எட்டு மணிக் காட்சி ஒருமுறை எட்டு நாற்பதுக்குத் தொடங்கியது. மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் துணையோடு வருவது நல்லது.

நாற்காலிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளிப் போடுமாறு சொல்லியிருக்கிறேன். செய்வார்களோ என்னவோ, அடுத்த மாதம் ஏழரைக்கே போய் முன்வரிசையைப் பிடித்துவிடுவதாக இருக்கிறேன்.