ஐப்டேசியா-எக்ஸ்: கைக்கு எட்டும் சாமந்திகளுக்கு மட்டும்

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஐப்டேசியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாக வாங்கிய லைவ் ராக்கின் (கடலுயிர்கள் குடியிருக்கும் பாறை) பொந்திலோ, பவளத் துண்டு ஒட்டியிருக்கும் பிளக் என்னும் சிறு அடிக்கட்டையின் அடியிலோ ஒளிந்து வந்து, வெளிர்பழுப்புக் கைகளை விரித்து, பக்கத்துப் பவளங்களைக் கொட்டிச் சுருங்க வைக்கும் இந்தச் சிறு கடற்சாமந்தியை (பூவைப் போலத் தோன்றும் கடல் விலங்கு) ஒழிப்பதற்காக ரெட் சீ நிறுவனம் விற்கும் ஐப்டேசியா-எக்ஸ் என்ற மருந்தைப் பற்றியது இம்மதிப்புரை. 60 மில்லி புட்டியும், மருந்தைச் செலுத்துவதற்கான சிரிஞ்சும் ஒரே பெட்டியில் வருகின்றன.

இதற்கென்று தனியாக மருந்து எதற்கு, சுரண்டி எடுத்துவிடலாமே என்று புதியவர்கள் கேட்பதுண்டு. சுரண்டும்போது பாதத்தின் ஒரு துணுக்கு பாறையில் தங்கிவிட்டாலும் அது முழுச் சாமந்தியாக வளர்ந்துவிடும். யாரும் தொடாதபோதும், பாதத்தின் விளிம்பிலிருந்து துணுக்குகளைக் கிழித்துவிட்டுப் பெருகுவது இதன் இயல்பு. உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுப்பதால், மீன்களுக்குத் தீனியைக் குறைத்து மட்டும் இதைப் பட்டினி போட்டுவிட முடியாது. இப்படிச் சுலபமாகப் பெருகுவதாலும், பவளங்களைப் போலவே நுண்பாசிகளைச் சுமப்பதாலும், பவள வெளுப்பை (பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளிறுவதை) ஆராயும் ஆய்வகங்கள் இதை விரும்பி வளர்க்கின்றன. 2015இல் இதன் மரபணுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. ஆய்வகத்துச் செல்லப்பிள்ளை, நம் தொட்டியில் தலைவலி.

மருந்தின் பலன் பெரும்பாலும் கைப்பக்குவத்தைப் பொறுத்தது. அலை எழுப்பும் பவர்ஹெட், சம்ப் என்னும் கீழ்த்தொட்டியிலிருந்து நீரை ஏற்றும் பம்ப் ஆகிய எல்லாவற்றையும் முதலில் நிறுத்திவிட வேண்டும். நிற்கும் புட்டியில் மருந்து அடியில் படிந்துவிடும் என்பதால், சிரிஞ்சில் இழுப்பதற்கு முன் நன்றாகக் குலுக்குவது அவசியம். சிரிஞ்சின் முனை சாமந்தியின் கைகளில் பட்டுவிட்டால் அது தன்னை நொடியில் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஆகவே முனையைத் தொடாத தூரத்தில் பிடித்து, வெண்மையான அந்தக் குழம்பைக் கைகளின் மேல் மெதுவாகச் சொட்டவிட வேண்டும். அதை இரையென்று எண்ணிக் கைகள் வாய்ப்பக்கம் கொண்டுசெல்லும். வாய் திறந்து விழுங்கத் தொடங்கியதும் மேலும் சிறிது மருந்தை வாயின் மேல் விட்டு மூடினால், சில நிமிடங்களில் சாமந்தி உள்ளொடுங்கிச் சிதைந்துவிடுகிறது. அவசரப்பட்டு வேகமாகப் பீச்சினால் மருந்து மேகமாகக் கலைந்து, பக்கத்திலிருக்கும் சோயந்தஸ் (பவளத்தோடு வளர்க்கப்படும் சிறு பூப்போன்ற உயிர்கள்) மீது படிந்து, அவை வாயை மூடிக்கொள்ளும். வேலை முடிந்தபின் சற்று நேரம் நீரை அசையாமல் வைத்திருந்து, எஞ்சிய வெள்ளைப் படிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகே பம்ப்புகளை ஓடவிடுவது நல்லது.

கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் குழைத்து இதே முறையில் இடுவது பழைய வழக்கம். செலவும் மிகக் குறைவு. ஆனால் அது கடும் காரம். சிறிய தொட்டியில் ஒரே நாளில் பல சாமந்திகளுக்கு இட்டால் நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சட்டென்று ஏறிவிடும். தோலிலும் கண்ணிலும் படக்கூடாது. ஐப்டேசியா-எக்ஸ் அத்தகைய அரிப்புத்தன்மை இல்லாதது என்பது நிறுவனத்தின் கூற்று. என் கணிப்பில், வெட்டவெளிப் பாறையில் தனித்து நிற்கும் சாமந்திக்குச் சுண்ணாம்புக் குழம்பே போதும். பவளங்களுக்கு நடுவில் முளைத்ததற்குத்தான் இந்தப் புட்டிக்குக் காசு கொடுக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

சிரிஞ்சு எட்டாத இடத்தில் எந்த மருந்தும் பயனற்றது. நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும், குழாய்களிலும், பாறைகளின் பின்புறத்திலும் ஒன்றிரண்டு தங்கிவிட்டால் அங்கிருந்து மீண்டும் பரவும். எண்ணிக்கை கைமீறிப் போன தொட்டிக்குப் புட்டி புட்டியாக வாங்கிக்கொண்டிருப்பது வீண்; அங்கே இதைத் தின்னும் உயிர்களையே நாட வேண்டும். பெப்பர்மின்ட் இறால் சிறிய சாமந்திகளைத் தின்னும் என்றாலும் எல்லா இறாலும் தின்னும் என்று சொல்வதற்கில்லை. அதன் பெயரில் கேமல் இறாலை விற்றுவிடும் குழப்பமும் உண்டு: முதுகில் கூன், சிவப்புக்கு இடையே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது கேமல் இறால், பவளத்தையே கொறிக்கும். பெர்கியா என்னும் கடல் நத்தையோ ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. இரவில் மெதுவாக வேலை செய்யும் அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் தர வேண்டும். ராஸ் மீன்கள் இருக்கும் தொட்டியில் அதுவே இரையாகிவிடக்கூடும். பெர்கியாவை விட்டபின் மருந்தை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் அதன் உணவை நாமே அழித்ததாகும்.

ஆக, கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டும் நாலைந்து சாமந்திகள் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். இட்ட இடங்களைச் சில வாரங்களுக்குக் கவனித்து, துளிர்ப்பவற்றுக்கு மீண்டும் இட வேண்டியிருக்கும் என்பதால், பயன்படுத்திய உடனே சிரிஞ்சையும் முனையையும் நல்ல நீரில் கழுவி வைக்கவும். குழம்பு உலர்ந்துவிட்டால் முனை அடைத்துக்கொள்ளும்.