வீட்டுக் கடன் முகவர் சேவை: கணக்கில் தெளிவு, நிபந்தனையில் மௌனம்

வீடு வாங்குவதற்காக வங்கி வங்கியாக ஏறி இறங்க நேரமில்லாததால், கடன் முகவர் நிறுவனம் ஒன்றின் உதவியை நாடினேன். பல கடன் நிறுவனங்களின் வட்டியை ஒப்பிட்டு, நம் வருமானத்துக்கும், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்பதைக் காட்டும் கடன் மதிப்பெண்ணுக்கும் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துத் தருவதும், விண்ணப்பத்தையும் ஆவணங்களையும் கொண்டுசேர்ப்பதும் அவர்கள் பணி. வாங்குபவரிடம் அவர்கள் கட்டணம் பெறுவதில்லை.

பாராட்ட வேண்டியது அவர்களுடைய கணக்கு. ஆலோசகர் வட்டி விகிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு தவணையிலும் வட்டிக்குப் போவது எவ்வளவு, அசலுக்குப் போவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் அட்டவணையை எடுத்துவைத்தார். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கினால், முதல் தவணையில் ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டிக்கே போய்விடுகிறது. பாதி அசல் அடைவதற்கே 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கட்டி முடிக்கையில் மொத்த வட்டி வாங்கிய கடனளவுக்கு வந்து நிற்கிறது. காலத்தை 30 ஆண்டாக நீட்டினால் மாதத் தவணை 12 விழுக்காடு அளவுக்குத்தான் குறைகிறது. மொத்த வட்டியோ அசலின் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. தவணை குறைவு என்பதையே பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தும் தொழிலில், இதை வாடிக்கையாளரிடம் தாமாகவே காட்டுவது அரிது.

தொடக்கக் கட்டணத்தையும் அவர் அதே முறையில் எடைபோட்டார். கட்டணமே இல்லாமல் 8.5 விழுக்காட்டில் ஒரு கடன், கடன்தொகையில் 1 விழுக்காட்டைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு 8 விழுக்காட்டில் இன்னொன்று என்றால், இரண்டாவதில் மிச்சமாகும் வட்டி அந்தக் கட்டணத்தை ஈடுகட்ட ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆகும். அதற்குள் வீட்டை விற்கவோ கடனை வேறு வங்கிக்கு மாற்றவோ எண்ணியிருப்பவருக்கு, வட்டி கூடுதலான முதல் கடன்தான் இலாபம்.

நிபந்தனைகள் என்று வந்ததும் இந்தத் தாராளம் காணாமல் போனது. மிதவை வட்டி என்பது சந்தையோடு ஏறி இறங்கும் அடிப்படை விகிதமும், அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் விழுக்காடும் சேர்ந்தது. அடிப்படை விகிதம் நம் கையில் இல்லை. பேரம் பேசக்கூடியது அந்தக் கூடுதல் விழுக்காடுதான். ஆனால் ஒப்பீட்டுப் பட்டியலில் இரண்டையும் கூட்டிய ஒற்றை எண் மட்டுமே இருந்தது. வட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படும், முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

கடன் ஒப்புதலுக்கான வரைவுக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நான் கேட்காத காப்பீட்டுக்கு ஒரே தடவையில் கட்டும் பிரீமியம் கடன்தொகையோடு சேர்க்கப்பட்டிருந்தது. அப்படிச் சேர்த்தால் பிரீமியத்துக்கும் கடன்காலம் முழுவதும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். விசாரித்த பிறகே, அது கட்டாயமில்லை என்று சொல்லி நீக்கினார்கள்.

முகவருக்குக் கூலி தருவது கடன் கொடுக்கும் நிறுவனம். அதில் தவறில்லை, ஆனால் தரகு தராத வங்கிகள் அவர்கள் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை என்பதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே என் சம்பளக் கணக்கு உள்ள வங்கியிடம் தனியாக எழுத்துவடிவில் ஒரு சலுகையைப் பெற்று அவர்களிடம் காட்டினேன். பட்டியலில் முதலிடத்தில் இருந்த நிறுவனம் அதன் பின்னரே கூடுதல் விழுக்காட்டைக் குறைக்க இசைந்தது. அந்தப் பேச்சுவார்த்தையை ஆலோசகர் திறமையாக நடத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாதச் சம்பளம் இல்லாமல் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு, எந்த வங்கி எந்த வருமானச் சான்றை ஏற்கும் என்று அறிந்த இத்தகைய முகவர் மிகவும் பயன்படுவார். நிலையான சம்பளமும் நல்ல கடன் மதிப்பெண்ணும் உள்ளவர்கள், அந்த அட்டவணைக்காக மட்டும் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரலாம். கடன் கைக்கு வந்த பிறகு அவர்களிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை. வட்டி மாற்றம் பற்றி நான் கேட்டபோது, வங்கியையே தொடர்புகொள்ளுங்கள் என்று முடித்துக்கொண்டார்கள்.