லோட்டோ கம்பள நகல்: தரைக்குச் சரி, மேசைக்கு இல்லை

16ஆம் நூற்றாண்டில் மேற்குத் துருக்கியின் உஷாக் வட்டாரத் தறிகளில் நெய்து, கடல் வழியாக இத்தாலிக்குப் போன சிவப்பு மஞ்சள் கம்பளத்துக்கு இன்று லோட்டோ என்று பெயர். லொரென்சோ லோட்டோ 1542இல் வெனிஸ் தேவாலயம் ஒன்றுக்குத் தீட்டிய ஓவியத்தில் இது தொங்குகிறது. செபஸ்தியானோ தெல் பியோம்போ 1516லேயே ஒரு கர்தினாலின் மேசையில் இதை வரைந்துவிட்டார். பேர் என்னவோ லோட்டோவுக்குத்தான்.

துருக்கியில் இப்போது நெய்யும் நகல் ஒன்று, 120 × 180 செ.மீ. முடிச்சில் குறை சொல்ல முடியாது. பின்புறம் திருப்பினால் ஒவ்வொரு முடிச்சும் இரட்டைப் புள்ளியாகத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பாவு நூலையும் (நீளவாக்கில் ஓடும் நூல்) சுற்றி வரும் துருக்கி முடிச்சு. 10 செ.மீ.க்கு அகலத்தில் 28, நீளத்தில் 36. மொத்தம் சுமார் 2.18 லட்சம் முடிச்சு.

கோளாறு பாவில். அசலில் பாவும் கம்பளி, குறுக்கே ஓடும் ஊடையும் கம்பளி. ஊடைக்குச் சிவப்புச் சாயம் வேறு. மேலே தேய்ந்தாலும் உள்ளே சிவப்புதான் தெரியும். இதில் இரண்டுமே வெள்ளைப் பருத்தி. தேய்ந்த இடம் பல் இளிக்கும். பருத்திப் பாவு விறைப்பானது, தரையில் சுருக்கமில்லாமல் படியும். ஆனால் ஓவியங்களில் இருப்பதுபோல மேசையில் விரித்தால் விளிம்பில் மடிந்து விழாமல் பலகைபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெனிஸ்காரர்கள் இதை வாங்கியதே பெரும்பாலும் மேசைக்கும் திருநாளில் ஜன்னலில் தொங்கவிடவும்தான்.

ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் தேய்த்தும் சிவப்பு ஒட்டவில்லை. மஞ்சள்தான் உறுத்துகிறது. இழைகளை விரலால் பிரித்துப் பார்த்தால் அடியில் பளிச்சென்ற எலுமிச்சை நிறம், நுனியில் வெளிறல். வெயில் படாத புதுக் கம்பளத்தில் இப்படி இருந்தால் பழசாகக் காட்ட ரசாயனத்தில் அலசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அலசலில் ரோமத்தின் எண்ணெய்ப்பசை போய்விடும். தொட்டால் வைக்கோல்போல வறண்டிருக்கும், சீக்கிரம் உதிரும்.

கரையின் நான்கு மூலையும் அளவெடுத்ததுபோலத் திரும்புகின்றன. பழைய உஷாக்கில் கரை மூலையில் அப்படியே முட்டி நிற்கும். அட்டையில் ‘15ஆம் நூற்றாண்டு வடிவம்’ என்றும் அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பி விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். கம்பளிப் பாவு வேண்டும், ரசாயன அலசல் கூடாது என்று கேட்டால் சில தறிகளில் நெய்து தருவார்கள். காத்திருக்க முடிந்தால் அதையே வாங்குங்கள்.